கோடும் இழையும்
(ஓவியர் ஆதிமூலம் தொழில் நடத்திய வரலாறு)

திண்டுக்கல்லுக்கு வடபால் ஐந்தாறு மைல் தொலைவிலுள்ள தாடிக்கொம்புக்குச் சென்று, சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களைக் கண்ணாரக் காணாதவர் நம்மவருள் மிகச் சிலரே. உலகளந்த பெருமானும், இரதியும், மன்மதனும் அங்கே கல்லில் உயிர்பெற்று நிற்கின்றனர். அவற்றைக் கண்டு கைகூப்பும் நாம், செதுக்கிய கைகளுக்கு உரியவர் யாவர் என்று கேட்டால் வாய் திறவோம். அவர்கள் எவ்வூரினர், என்ன கூலி பெற்றனர், தம் மக்களை எத்தொழிலில் விடுத்தனர் என்பன நம் நினைவில் இல்லை. கலையைத் தொழுது கலைஞனை மறப்பது நம் நாட்டின் பழைய வழக்கம்.

அவ்வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. நம் வீட்டுக் குழந்தை சுவரிலும் சிலேட்டிலும் படம் எழுதினால் உள்ளம் பூரிக்கின்றோம். அதே குழந்தை பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஓவியம் கற்கப் போவதாகச் சொன்னால், “படம் போட்டால் சோறு கிடைக்குமோ?” என்று வினவுகின்றோம். இவ்வினா இழிந்த வினா அன்று. தறியின் வருவாயைக் கொண்டு பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய குடும்பங்கள் இதனைக் கேட்டே தீரவேண்டும். ஆனால் கேட்ட வினாவுக்கு விடை தேடாமலே குழந்தையை அடக்கிவிடுவது முறையன்று. ஆதலின், நம் காலத்தே வாழ்ந்து 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மறைந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் அவர்கள் தொழில் நடத்திய வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். அவர் நம் ஜில்லாவினர் அல்லர். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். ஆயினும் அவர் வாழ்வு நமது தொழிலோடு எவ்வாறு பின்னிக் கிடந்தது என்பதனை நேயர்கள் மேலே காண்பார்கள்.

முதற்கண் அவர் கற்ற கல்லூரியைப் பற்றிச் சிறிது கூறுவோம். அரசர்களின் ஆதரவு அற்றுப்போன காலத்தில், சென்னையில் 1850இல் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். கைத்தொழிலாளரைப் பழக்குவதே அக்காலத்தில் அதன் முதன்மையான நோக்கம். மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம் முதலியன அங்கே பயிற்றப்பட்டன. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவரானார். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. அவருக்குப்பின் 1957இல் தலைமையேற்றவர் அவர் மாணவரான கே. சி. எஸ். பணிக்கர். மேனாட்டாரைப் பார்த்து எழுதுவதை விடுத்து, நம் நாட்டுக் கோட்டிலும் குறியிலும் புதுமை காணவேண்டும் என்பது பணிக்கரின் கொள்கை.

பணிக்கர் அவர்களும் நம் தாய்தந்தையர் கேட்கும் அதே வினாவைக் கேட்டவரே. படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர், வயிற்றுப்பாட்டுக்காகத் தம் கலையைக் கைவிட்டு ஓடுவதைக் கண்டு அவர் வருந்தினார். அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் துணிகள் முதலியவற்றை மாணவரும் ஆசிரியரும் செய்து விற்றனர். அவ்வாறு ஈட்டிய பொருளே, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் 1966இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊர் தோன்றுதற்குத் துணையாயிற்று. மெழுகுச் சுங்குடியை அறிந்த சின்னாளபட்டியார்க்கு இச்செய்தி வியப்பாகவும் இருக்கும், பெருமிதமும் தரும். நம் வீட்டுப் பெண்டிர் கைக்கு எட்டிய வேலையைப் போன்றதொன்றே நாட்டின் புதுமை ஓவியத்துக்கும் அடிமனை வாங்கிக் கொடுத்தது.

இத்தகைய கல்லூரியில் ஆதிமூலம் 1961 முதல் 1966 வரை பயின்றார். சிற்பி எஸ். தனபால் அவர்கள் அவருக்கு ஆசானாகவும் ஆதரவாகவும் விளங்கினார். ஐந்தாண்டுப் படிப்பு முடிந்ததும், கலைஞன் என்னும் பெயர் மட்டுமே கையிலிருக்கும் இளைஞர் எல்லோரும் நிற்கும் அதே சந்தியில் அவரும் நின்றார். ஓவியங்களை விலை கொடுத்து வாங்குவார் அந்நாளில் தமிழ்நாட்டில் மிக அரியர். அந்நிலையில் அவருக்கு ஊதியம் தந்து தாங்கியது எது? நம் தறியே ஆகும்.

இதனைச் சிறிது விளக்குவோம். கைத்தறித் துணி ஆலைத் துணியின் போட்டிக்கு ஈடுகொடுக்க வேண்டுமாயின் புதிய கரைகளும் முன்றானைகளும் வேண்டும் என்று கருதி, 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கத்தார் நெசவாளர் சேவை மையங்களை நிறுவலாயினர். புபுல் ஜெயகர் அம்மையார் இம்முயற்சிக்கு முன்னின்றார். பம்பாய், காசி, சென்னை ஆகிய இடங்களில் ஏற்பட்ட இம்மையங்களில் தேர்ந்த ஓவியர்கள் மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டனர். வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் கற்ற கே. ஜி. சுப்பிரமணியன் பம்பாயில் கைத்தறி வாரியத்தின் கீழ் 1959 முதல் 1961 வரை பணியாற்றினார். பிரபாகர் பார்வே காசியிலும் பின்னர் பம்பாயிலும் இருந்தார். சென்னையில் ரெட்டப்ப நாயுடு இருந்தார். ஆதிமூலமும் இம்மையத்தின் ஓவியராய்ப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அங்கே ஓவியர் செய்யும் வேலை யாது? கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கொடியையோ அன்னத்தையோ அவர் வரைகின்றார். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். எந்தக் கட்டத்தில் மை நிரம்புகின்றதோ அந்த இடத்தில் பாவிழை மேலெழ வேண்டும். அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு, அவ்வட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றினால், ஓவியர் கையின் கோடு தறியில் இழையாகி வெளிவருகின்றது. வளைந்த கோட்டைச் சிறு படிகளாக முறித்தும் கண்ணுக்கு அது வளைந்தே தோன்றுமாறு செய்வது எளிய வித்தை அன்று. இதனை நம்மவர் ஒவ்வொருவரும் அறிவர். ஆனால் புடவையை நெய்தவர் பெயரும் அதன் கரையை வரைந்தவர் பெயரும் புடவையில் இரா. தாடிக்கொம்புத் தூணை ஒப்பவே நம் புடவையும் பெயரற்றது.

பெயரற்ற அலுவல் முடிந்து எஞ்சிய பொழுதில் அவர் தமக்கென வரைந்தார். 1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. அதனையொட்டிக் கறுப்பு மையால் வெள்ளைத் தாளில் அவர் வரைந்த காந்தி உருவங்கள் ஏறத்தாழ நூறு. காந்திகிராமத்தின் அயலிலே குடியிருக்கும் சின்னாளபட்டிக் குடும்பங்களுக்குக் காந்தியடிகளின் உருவம் புதிதன்று. எனினும் இவ்வோவியங்களில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் தகும். காந்தியடிகள் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள் மதுரையில் அரையாடைக்கு மாறினார். ஏழைக்குக் கிடைக்கும் துணியே தமக்கும் போதும் என்பது அவர் துணிபு. அன்று முதல் அவரை வரைவதற்கு ஒரு கோல், ஒரு துண்டு, வளைந்த முதுகு ஆகியவற்றைக் காட்டும் சில கோடுகளே போதுமாயின. ஆதிமூலம் இதனை நன்குணர்ந்தவர். ஓரிடத்தில் கோடுகளை நெருக்கிப் பின்னி முகத்தின் சுருக்கத்தையும் நிழலையும் காட்டுவார். மற்றோரிடத்தில் ஒரே இழுப்பில் ஆடையைக் காட்டி மிகுதியை வெள்ளைத் தாளுக்கே விட்டுவிடுவார். அடர்த்தியும் கலங்கலுமாக இழையோட்டும் நெசவாளியின் கண்ணுக்கு இக்கோடுகள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

இவ்வோவியங்கள் அவருக்குப் பெயர் தந்தன. பின்னர் அரசர்களின் உருவங்களை ஒரு வரிசையாக வரைந்தார். மணிமுடியும் வாளும் பூண்ட அம்மன்னர்கள் தம் ஆடம்பரத்தின் பாரத்தாலேயே நலிந்தவராய்க் காணப்படுவர். அதன்பின் அவர் மனித உருவத்தையே விடுத்து, தைல வர்ணத்தைக் கத்தியால் அடுக்கடுக்காய்ப் பூசி, நிலமும் வானும் நிறமாய்க் கரைந்து நிற்கும் ஓவியங்களை எழுதலானார். கோட்டால் புகழ் பெற்றவர் கோட்டைத் துறந்து நிறத்திற் புகுந்தது துணிவுள்ள செயல். மாதச் சம்பளம் என்னும் கைத்தாங்கல் அத்துணிவுக்கு எவ்வளவு துணை செய்திருக்கும் என்பதனை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, அவரை நம் வீட்டுக்குள் கொணர்ந்த மற்றொரு வழியுண்டு. அஃது அச்செழுத்து. நம் ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட சி. சு. செல்லப்பா, 1959இல் “எழுத்து” என்னும் சிற்றிதழைத் தொடங்கித் தம் கைப்பொருளை அதில் இட்டுப் புதுக்கவிதைக்குக் களம் அமைத்தார். அவர் காட்டிய வழியில் தோன்றிய இதழ்களுள் ஒன்று 1970இல் பிறந்த “கசடதபற”. இத்தகைய சிற்றிதழ்களின் எழுத்தாளரோடு ஆதிமூலம் நெருங்கிப் பழகினார், அவற்றுக்கு வரைந்தார். அதற்குமுன் ஓவியரும் எழுத்தாளரும் தனித்தனி வீதிகளில் நடந்தவர்களே. பின்னர் கி. ராஜநாராயணனின் “கரிசல் காட்டுக் கடுதாசி” ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அவர் எழுதிய படங்கள், புதுமை ஓவியம் இன்னதென அறியாத பல்லாயிரம் குடும்பங்களுக்கும் சென்று சேர்ந்தன. நூல் முகப்புகளுக்கு அவர் தம் கையால் எழுதிக் கொடுத்த தமிழெழுத்துகளோ தனியழகு வாய்ந்தவை. ஓவியக் கூடத்துள் ஒருநாளும் கால்வையாதாரும் அவர் கோட்டைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்டிருக்கின்றனர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க விடை யாது? படம் போட்டால் சோறு கிடைக்கும், ஆனால் ஒரே பானையிலிருந்து கிடைக்காது என்பதே. ஆதிமூலத்துக்குச் சம்பளம் தந்தது தறி. ஊரறிய அவர் பெயரைப் பரப்பியது இதழ். உள்ளத்துக்கு நிறைவளித்தது ஓவியம். இம்மூன்றையும் ஒருங்கே பிடித்து நடத்திய உழைப்பு அவருடையது. கற்றவர் அனைவரும் ஆதிமூலம் ஆகிவிடுவர் என்று நாம் பொய்யுறுதி கூறமாட்டோம். சில ஆண்டுப் படிப்பும், அதன்பின் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். ஆயின், வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய பின்னரும் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் நம்மிடையே இலரோ? காத்திருத்தல் ஓவியத்துக்கு மட்டும் விதித்த தண்டனை அன்று.

மேலும் நம்மவர்க்கு ஒரு தனி வசதியுண்டு. பாவு நிறம் சேர்த்தலும், கரைக்கு அளவு பார்த்தலும், சுங்குடிக்கு முடிச்சிடுதலும் நம் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னரே கண்ட காட்சிகள். ஓவியக் கல்லூரியில் பிறர் முதலாண்டில் பயிலும் நிறப்பொருத்தத்தை நம் வீட்டுப் பெண்கள் சாயத்தொட்டியின் அருகிலேயே கற்றுவிடுகின்றனர். அவ்வாறிருந்தும், நாம் நெய்யும் புடவைக்கு வேண்டிய வரைவைப் பிறரிடம் விலைக்கு வாங்குகின்றோம். தன் தறிக்குத் தானே கரை வரையும் ஒருவர் நம் தெருவிலேயே தோன்றினால், அவர் வீட்டிற்கு மட்டுமன்று, அத்தெருவிலுள்ள தறிகள் அனைத்திற்கும் நன்மை.

ஆகையால் சங்கத்து அன்பர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது இதுவே. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசாங்கத்தாரின் கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அவற்றிற் சேர விரும்பும் ஆணுக்கும் பெண்ணுக்கும், பிற படிப்புகளுக்கு நாம் அளிக்கும் உதவியைத் தயங்காமல் அளித்தல் வேண்டும். உதவி பெறுவோர் விடுமுறையில் ஊர் வந்து நம் தறிகளுக்குச் சில வரைவுகள் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளலாம். அது கடனுக்கு வட்டியாகாது, உறவுக்கு அடையாளமாகும். அவ்வரைவில் நெய்த புடவையின் மடிப்பில் வரைந்தவர் பெயரையும் நெய்தவர் பெயரையும் சிறு சீட்டாக எழுதி வைப்போமாக. தாடிக்கொம்புச் சிற்பியின் பெயரை நாம் இழந்தோம். நம் பேரப்பிள்ளைகள் நம் பெயரையேனும் இழவாதிருக்கட்டும்.