எண்ணெய்க் கைகள்: மும்பையில் ஒரு மருத்துவ மரபின் வரலாறு

உடம்பில் எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் முறையைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்று அழைத்து, புறமருத்துவம் முப்பத்திரண்டனுள் ஒன்றாக வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக வகுக்கப்பட்ட இம்முறை எண்ணெயிட்டும் எண்ணெயின்றியும் செய்யப்படுவது. வாத நோய்களுக்கும், உழைத்துக் களைத்த தசைகளின் பிடிப்புக்கும், சுளுக்குக்கும் இது பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. குமரிப் பகுதி வர்ம ஆசான்கள், உடம்பில் உயிராற்றல் தங்கும் இடங்களாகக் கருதப்படும் 108 வர்மப் புள்ளிகளை அறிந்து, அடிபட்டவரைத் தடவி மீட்கும் தனி மரபொன்றைப் பேணினர். கேரளக் களரிகளிலோ, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துத் தேய்க்கும் உழிச்சில் வளர்ந்தது. ஆயுர்வேதம் அப்யங்கம் என்னும் எண்ணெய்த் தேய்ப்பை நோயாளிக்கு மட்டுமன்றி நலமாக உள்ளவருக்கும் அன்றாட ஒழுக்கமாகவே விதித்தது. இத்தனை நுணுக்கமாக ஏட்டில் வகுக்கப்பட்ட கலை மும்பைக்கு வந்து சேர்ந்தபோது, ஏட்டின் வழியாக அன்றி, பிழைப்புத் தேடி வந்தவர்களின் கை வழியாகவே பெரிதும் வந்தது.

அக்கைகளுள் ஊரறிந்தவை ஆண்களுடையவை. மாலை மயங்கியபின் சௌபாத்திக் கடற்கரையில், சிறு தாங்கியில் அடுக்கிய எண்ணெய்ப் புட்டிகளை ஒன்றோடொன்று தட்டி ஒலியெழுப்பியபடி நடந்த மாலிஷ்காரர்கள், பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தலையில் எண்ணெய் வைத்து விரல் நுனிகளால் தட்டி உருவும் சம்பியே அவர்களது முதன்மையான பணி. 1957-இல் வெளிவந்த ‘பியாசா’ திரைப்படத்தில் ஜானி வாக்கர் ஏற்ற வேடத்தால் அத்தொழில் நாடெங்கும் அறிமுகமாயிற்று. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இதே கைத்திறனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு இணைத்து நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவையும் பெற்றிருந்தார்.

தமிழர் குடியிருப்புகளில் இக்கலை விலைக்கு விற்கப்படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் தொழிலில் அமர்ந்தவர்களும், 1896-இல் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து 1898-இல் தொடங்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாக்கிய மாட்டுங்காவில் பின்னர் குடியேறிய அலுவலகப் பணியாளர்களும் வாழ்க்கை நிலையில் வெகுதூரம் விலகி நின்றவர்கள். ஆயினும் ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எனப் பகுத்த நல்லெண்ணெய்க் குளியல் இரு சாராருக்கும் ஊரிலிருந்து வந்த வழக்கமே. தீபாவளியன்று விடியற்காலையில் தமிழர் தலைமுழுகும் அதே நரக சதுர்த்தசியில், மராத்தியரும் எண்ணெய் தேய்த்து, உட்ணே என்னும் நறுமணப் பொடி பூசி அப்யங்க ஸ்நானம் செய்வதால், அந்நாளில் மட்டுமாவது தமிழர் தம்மை அயலாராக உணர இடமில்லாது போயிற்று.

எனினும், இம்மரபில் மிகுந்த தேர்ச்சி வேண்டியது பிள்ளை பெற்றவளுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் செய்யும் தேய்ப்புதான். மூத்த பெண் மணையில் அமர்ந்து கால்களை நீட்டி, இரு கால்களுக்கும் நடுவே உண்டாகும் பள்ளத்தில் குழந்தையைக் கிடத்தி, சுடவைத்து ஆற்றிய தேங்காய் எண்ணெயை மார்பிலிருந்து தோளுக்கும் தொடையிலிருந்து பாதத்துக்கும் உருவித் தேய்த்து, வலக்கையை இடக்காலோடும் இடக்கையை வலக்காலோடும் மெல்லச் சேர்த்துப் பிரிப்பாள். தொக்கண நூல் கூறும் அழுத்தலும் இழுத்தலும் அசைத்தலும் அனைத்தும் இங்கே உண்டு. அவற்றைச் செய்தவளுக்கு வைத்தியர் என்ற பெயர்தான் இல்லை. இந்தக் குறை வருந்தத்தக்கது.

குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது இத்தகைய மூத்தவர்கள் உடன் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலப் படை முகாமாக இருந்த கல்யாண் முகாமில் சிந்தி அகதிகள் குடியேற்றப்பட்டு, 1949 ஆகஸ்டு 8 அன்று தலைமை ஆளுநர் ராஜாஜியின் கையால் உல்லாஸ்நகர் என்ற பெயரோடு நகரமாக உருப்பெற்ற ஊரிலும், சால் எனப்படும் ஓரறைத் தொகுப்பு வீடுகளில் தமிழர் வாழ்ந்த பகுதிகளிலும், பேறுகாலத்தில் உதவப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லாத நிலை பொதுவானதாகவே இருந்திருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் மாலிஷ்வாலி பாய். காலையில் வீடு வீடாகச் சென்று, பேற்றுக்குப்பின் ஏறத்தாழ நாற்பது நாள் தாய்க்கும் சேய்க்கும் தேய்த்துக் குளிப்பாட்டும் இப்பெண்களால், உறவின் கடமையாக இருந்த பணி கூலித் தொழிலாயிற்று.

மருத்துவ ஆய்வு இவர்கள் செய்துவந்ததை வெகுகாலம் கழித்தே எட்டிப் பார்த்தது. அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்கு நாள்தோறும் மும்முறை தேய்த்துவிட்டபோது எடை 47 விழுக்காடு கூடுதலாக ஏறியது தெரியவந்தது. தாராவியை ஒட்டியுள்ள சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனையில் நடைபெற்று 2005-இல் வெளியான ஆய்வோ, எந்த எண்ணெய் என்ற கேள்வியையே எழுப்பியது. தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய், வெறும் பொடி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, குறைமாதக் குழந்தைகளிடையே தேங்காய் எண்ணெய் தேய்க்கப்பட்டவற்றின் எடை மற்ற இரு பிரிவுகளையும் விட விரைவாக ஏறியது. நிறைமாதக் குழந்தைகளிடையே அது பொடியைக் காட்டிலும் மேலாக இருந்தது. நரம்பு நடத்தைச் சோதனையில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், தலையையும் மூக்கையும் அழுத்தி உருவம் திருத்த முயல்வதையும் மருத்துவர்கள் இன்று கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். வடநாட்டு வழக்கமான கடுகெண்ணெய் தோலின் காப்புத்திறன் மீள்வதைத் தாமதப்படுத்துவதாக எலிகளிடம் நடத்திய சோதனை காட்டியிருக்கிறது. அந்த மருத்துவமனை ஆய்வில், வீடு திரும்பிய பின் தேய்ப்பைத் தொடரும் பொறுப்பு குழந்தையின் முப்பத்தோராம் நாள்வரை தாய்மாரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது.