தட்டணுச் சேமிப்பின் வரலாறு

ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் இன்றியமையாதவை. 1910இல் பாஸ்டனில் டபிள்யூ. டபிள்யூ. டியூக், புது ரத்தம் ஏற்றினால் தட்டணு எண்ணிக்கை உயர்ந்து ரத்தக்கசிவு நிற்பதைக் காட்டினார். ஆனால், அவற்றைத் தனியே பிரிப்பது வெகுகாலம் கடினமாகவே இருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் அவை சுவரோடு ஒட்டிக்கொண்டன. பிளாஸ்டிக் பைகள் வந்தபின் நிலைமை மாறியது. ரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளின் ரத்தக்கசிவைத் தட்டணு ஏற்றித் தடுக்கலாம் என்பதை அமெரிக்காவில் எமில் ஃபிரெய்ரைக்கின் குழுவினர் நிறுவினர்.

சிவப்பணுக்களைப் போலவே தட்டணுக்களும் முதலில் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட்டன. 1969இல் பிலடெல்பியாவின் ஸ்காட் மர்ஃபியும் ஃபிராங்க் கார்ட்னரும் அந்த வழக்கத்தை மாற்றினர். குளிரில் வட்டத்தட்டு வடிவம் இழந்து உருண்டையாகும் தட்டணுக்கள் உடலில் விரைவில் அழிந்தன. 22 டிகிரியில் வைத்தவை பல நாள் நிலைத்தன.

அறை வெப்பத்தில் தட்டணுக்கள் தொடர்ந்து ஆக்சிஜனைச் செலவிடும். அதனால் காற்று ஊடுருவும் பைகளும், பைகளை ஓயாமல் மெல்ல ஆட்டும் கருவியும் வழக்கத்துக்கு வந்தன. பையை வெளிச்சத்தில் பிடித்து அசைத்தால் பளபளக்கும் சுழல் தெரிவது நல்ல தட்டணுவின் அடையாளம்.

ஆனால், அதே வெப்பம் பாக்டீரியாவுக்கும் ஏற்றது. அமெரிக்காவில் 1984இல் 7 நாளாக உயர்த்தப்பட்ட சேமிப்புக் காலம், கிருமித்தொற்று காரணமாக 1986இல் 5 நாளாகக் குறைக்கப்பட்டது. பின்னர் பாக்டீரியா பரிசோதனைகள் சேர்க்கப்பட்டன. குளிரில் வைத்த தட்டணுக்கள் உடலில் விரைவில் அழிந்தாலும், கடும் ரத்தப்போக்கை உடனே நிறுத்தக் குளிர்ச் சேமிப்பும் இப்போது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.