கறுப்பு உடை சொல்லும் வரலாறு



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்திற்காகப் பழைய அஞ்சலட்டைப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்றில், நகையணிந்த தமிழ்ப்பெண் ஒருவர் நின்றிருந்தார். படத்தின் கீழே ‘கிளிங் பெண்’ என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. பெயர் இல்லை. அந்தக் குறை என் மனத்தை உறுத்தியது.

அதே குறையிலிருந்து ஒரு கலைப்படைப்பு பிறந்திருப்பதைப் பின்னர் அறிந்தேன். பசிபிக் தீவுக்கூட்டமான சாமோவாவில், 1886ஆம் ஆண்டு, தாமஸ் ஆண்ட்ரூ என்னும் நிழற்படக்கலைஞர் ஐரோப்பிய உடையணிந்த ஒரு பெண்ணைப் படமெடுத்தார். ‘சாமோவாவின் கலப்பினத்தவர்’ என்பதே அப்படத்தின் தலைப்பு. இங்கும் பெயர் இல்லை.

இப்படத்தை அடிப்படையாகக் கொண்டு, 2013இல் யூக்கி கிஹாரா ஒரு நிழற்பட வரிசையை உருவாக்கினார். சாமோவத் தாய்க்கும் ஜப்பானியத் தந்தைக்கும் பிறந்த இவர், நியூசிலாந்தில் ஆடை வடிவமைப்புப் பயின்றவர். ‘ஃபாஅஃபாஃபினே’ மரபினர். ஆணாகப் பிறந்து பெண்ணியல்போடு வாழ்வோரைச் சாமோவா மக்கள் இப்பெயரால் அழைக்கின்றனர். நம் திருநங்கையருக்கு நெருக்கமான நிலை எனலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

விக்டோரியா காலத்துக் கறுப்புத் துக்க உடையைத் தாமே அணிந்து, அப்பெண்ணுக்குச் ‘சாலோமே’ என்று பெயரிட்டு, தீவின் பல இடங்களில் கிஹாரா நின்றார். பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டியே நிற்கிறார். அவர் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அபியா நகரின் பழைய நீதிமன்றக் கட்டடம் ஒரு படத்தில் தோன்றுகிறது. சாமோவாவை 1900 முதல் ஜெர்மனியும், 1914 முதல் நியூசிலாந்தும் ஆண்டன. 1918இல் கப்பல் வழி வந்த சளிக்காய்ச்சல் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொன்றது. விடுதலை கோரிய ‘மாவ்’ இயக்கத்தினர் அறவழியில் ஊர்வலம் சென்றபோது, 28.12.1929 அன்று காவலர் சுட்டதில் உயர்குடித் தலைவர் தூப்புவா தமசேசே உள்ளிட்டோர் மாண்டனர். வைமோசோவிலுள்ள அவ்வியக்கத்தின் தலைமையகத்தின் முன்னும் சாலோமே நிற்கிறார். 1962இல் நாடு விடுதலை பெற்றது. அந்தக் கறுப்பு உடை யாருக்கான துக்கம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஆள்வோர் எழுப்பிய கட்டடங்களுக்கு ஆவணம் உண்டு, ஆண்டு உண்டு. படத்தில் நின்ற பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ஃபாஅஃபாஃபினே ஒருவர் அவ்வுடையை அணியும்போது, ஒதுக்கப்பட்ட இருவர் ஒரே உருவில் வரலாற்றுக்குள் திரும்பி வருகின்றனர்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி நாடகத்தில் கண்ணகி வேடம் தமக்கு வேண்டுமென்று ஒரு மாணவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன், வகுப்பே சிரித்தது. அவருக்குக் காவலன் வேடம் கொடுத்தேன். அதன் பிறகு அவர் மேடைப்பக்கம் வரவே இல்லை. நம் தெருக்கூத்தில் காலங்காலமாக ஆண்களே பெண்வேடம் கட்டி வந்துள்ளனர். அதைப் பாடமாக நடத்திய நானே அன்று அதை மறந்தேன்.

பழைய படங்களை வகுப்பில் காட்டும்போது, “இவர் பெயர் என்ன? யார் எழுதாமல் விட்டார்கள்?” என்று மாணவர்களைக் கேட்போம். வேறுபட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பு எழும்போது, முதலில் நாம் சிரிக்காமல் இருப்போம்.