சூரியனில் ஒரு மஞ்சள் கோடு: ஹீலியமும் அதன் இரு போலிகளும்

1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பொது அறிவு நூல்கள் பலவும் எழுதிவிடுகின்றன. வரலாறு அத்தனை நேராக நடக்கவில்லை. முழுச் சூரிய கிரகணத்தின்போது விளிம்பில் தெரியும் செந்நிறச் சுடர்கள் எவற்றால் ஆனவை என்பதே அன்றைய கேள்வி. ஜான்சன் அவற்றை நிறமாலைமானி வழியே பார்த்தார். பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. ஆகவே அவை வெப்பமேறி ஒளிரும் வாயு, பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று புலப்பட்டது. இவ்வளவு பிரகாசமான கோடுகளைப் பார்க்கக் கிரகணமே வேண்டியதில்லை என்று உணர்ந்து, மறுநாளே அதைச் செய்தும் காட்டினார். அவர் உரிமை கொண்டாடியது இந்த முறைக்குத்தான். புதிய தனிமத்துக்கு அல்ல.

அதே கிரகணத்தைச் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து நோக்கினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் இருந்தார். சோடியக் கோடுகள் அமையும் இடத்தை ஒட்டி ஒரு மஞ்சள் கோடு தெரிந்ததைப் போக்சன் குறித்துவைத்தார். வேறு பலர் அதைச் சோடியம் என்றே எழுதிவிட்டு நகர்ந்தனர். போக்சனின் குறிப்போ அரசு அறிக்கையாக அச்சாகி நின்றுவிட்டது.

அந்தக் கோடு சோடியம்தானா என்ற ஐயத்தைக் கருதுகோளாக்கியவர் லண்டனில் இருந்த வானியலாளர் நார்மன் லாக்யர். அக்டோபர் 20 அன்று, கிரகணம் இன்றியே, அவரும் சுடர்களின் நிறமாலையைப் பிடித்தார். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் அமைபவை. மஞ்சள் கோடு 587.6 நானோமீட்டரில் இருந்தது. இந்தச் சிறு விலகல்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். வேதியியலாளர் பிராங்க்லாந்துடன் சேர்ந்து ஆய்வகத்தில் ஹைட்ரஜனை எப்படியெல்லாம் ஒளிரவைத்தும் அந்தக் கோடு வரவில்லை. புதிய தனிமமாக இருக்கலாம் என்று லாக்யர் எண்ணினார்; பிராங்க்லாந்து தயங்கினார். 1871இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் வில்லியம் தாம்சன் ஆற்றிய தலைமையுரையில் 'ஹீலியம்' என்ற பெயர் பொதுவெளிக்கு வந்தது. அதுவரை அதைப் பூமியில் கண்டவர் எவரும் இல்லை.

தயங்கியவர்களைக் குறுகிய பார்வையினர் என்று தள்ளிவிட முடியாது. நிறமாலையில் அடையாளம் தெரியாத கோட்டைக் கண்டு புதிய தனிமத்தை ஊகிக்கும் அதே வழி இருமுறை ஏமாற்றியது. 1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் ஒண்முகிலில் கண்ட பச்சைக் கோடுகள் 'நெபுலியம்' ஆயின. 1869 கிரகணத்தில் சூரிய மகுடத்தில் (கொரோனா) தெரிந்த இன்னொரு பச்சைக் கோடு 'கொரோனியம்' ஆயிற்று. மூன்றில் எது மெய், எது போலி என்று 1870இல் பிரித்துச் சொல்லக்கூடியவர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஹீலியத்துக்கு விடை 1895இல் வந்தது, அதுவும் ஆர்கானைத் தேடியபோது. கிளீவைட் என்ற யுரேனியக் கனிமம் வெளிவிடும் வாயுவை வில்லியம் ராம்சே ஆராய்ந்தார். வேதியியலாளர் ஹில்லிபிராண்ட் முன்பே யுரேனியக் கனிமத்திலிருந்து இவ்வாயுவைப் பெற்றும் நைட்ரஜன் என்று முடிவுகட்டியிருந்தார். ராம்சேயின் குழாயில் அந்த மஞ்சள் கோடு ஒளிர்ந்தது. அப்புறம் வேகம்தான்: 1908இல் லெய்டனில் கேமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார், அந்தக் குளிரில் 1911இல் பாதரசம் மின்தடை இழந்து மீக்கடத்தியாயிற்று. இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகளின் மீக்கடத்திக் காந்தங்களைப் பெரும்பாலும் திரவ ஹீலியமே −269 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்விக்கிறது.

அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்பவர்கள் இந்தப் பத்தியோடு பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். அது பாதி நியாயமே. பயன் தந்ததால்தான் ஹீலியம் மதிப்புப் பெற்றது என்றால், மற்ற இரண்டும் வீண் செலவாகிவிடும். நடந்தது வேறு. 1927இல் ஐரா போவன், நெபுலியக் கோடுகள் இரு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுடையவை என்று காட்டினார். ஆய்வகத்தில் எட்டமுடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்த வாயுவில் அணு எப்படி ஒளிரும் என்பதை அதுவே கற்பித்தது. கொரோனியத்தை 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் குரோட்ரியனும் எட்லெனும் அவிழ்த்தனர். அது பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு. அத்தனையையும் உரிக்கப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்; சூரியப் பரப்பிலோ சுமார் 5,500 டிகிரிதான். இல்லாத தனிமம் ஒன்று, யாரும் கேட்டிராத கேள்வியை எழுப்பிவிட்டது.

மகுடம் ஏன் இத்தனை சுடுகிறது என்பதற்கு முழுமையான விளக்கம் இன்னும் இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தின் மகுட நோக்கி, 530.3 நானோமீட்டரில் அந்த இரும்புக் கோட்டையே அளக்கிறது. அக்கருவியை உருவாக்கியது, போக்சன் பணியாற்றிய வானாய்வகத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனம்.