சேர், டீசல் பம்ப் வேலைக்குப் போகவா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்ப யோசிக்கிற வாப்பாமார் நேரம் எடுத்து வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவன் ஒருவன் போன கிழமை வீட்டுக்கு வந்தான். "சேர், டீசல் பம்ப் கராஜுக்கு வேலை பழகப் போகவா? வாப்பா போகச் சொல்றாரு. காக்கா, கரண்ட் கார் வருது, அது முடியப்போற தொழில் எண்டு சொல்றாரு" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டீசல் என்பது ஒரு மனிதனின் பெயர். ருடோல்ஃப் டீசல், 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மன் பொறியியலாளர். அவருடைய காலத்தில் தொழிற்சாலைகளை ஓட்டியது நீராவி இயந்திரம். எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் பெரும்பகுதி புகையாகவும் சூடாகவும் வீணாகப் போனது. டீசல் வேறு வழி தேடினார். காற்றை மிகவும் இறுக்கி அழுத்தினால் அது தானாகவே கொதிக்கும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் அவருடைய இயந்திரத்தைச் சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ 26 வீதம் வேலையாக மாறியது. அன்றைய நிலையில் அது பெரிய விடயம். 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் இரவோடு இரவாக அவர் காணாமல் போனார். கண்டுபிடித்தவர் கடலில் மறைந்தார், அவருடைய இயந்திரம் உலகத்தையே இழுத்தது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். கொழும்பில் மின்சார வாகனம் புதிய விடயமல்ல. 1900ஆம் ஆண்டளவிலேயே கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மின்சார ட்ராம் ஓடியது. 1953இல் மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் ட்ரொலி பஸ்ஸும் வந்தது. ட்ராம் 1960இல் நின்றது. ட்ரொலி பஸ் 1964இல் நின்றது. அந்த இடத்தைப் பிடித்தது டீசல் பஸ். அதற்குக் கம்பி தேவையில்லை, தண்டவாளம் தேவையில்லை. பாதை இருந்தால் போதும், பொத்துவிலுக்கும் போகும், யாழ்ப்பாணத்துக்கும் போகும். 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானதும் டீசல் பஸ் கிராமம் கிராமமாக நுழைந்தது.

புகையிரதத்திலும் இதே கதைதான். பி. டி. ரம்பாலா என்ற நம் நாட்டுப் பொறியியலாளர், 1950களில் நிலக்கரி ரயிலை டீசலுக்கு மாற்றும் வேலையை முன்னின்று நடத்தினார். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த ரயில் இயந்திரங்கள் 1954இல் வந்தன. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ரயிலில் டீசல் இயந்திரம் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்கும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. அப்படியென்றால் நாம் டீசல் ரயில் என்று சொன்னது பாதி மின்சார ரயில்தான்.

அந்த மாற்றத்தில் நிலக்கரி அள்ளிப் போடும் ஆளுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் ரயில் ஓட்டவும் திருத்தவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதியதைப் பழகியவருக்கு அதே பட்டறையில் இடம் இருந்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

என் வாப்பா 90களில் லொறி ஓட்டினார். அம்பாறைப் பக்கத்திலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போவார். அந்தப் பதினெட்டு வளைவில் மூட்டையோடு லொறி முனகி முனகி ஏறுவதை, பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "பெற்றோல் இஞ்சின் இதுல செத்திரும் மகன், டீசல்தான் இழுக்கும்" என்பார். அவர் சொன்னதில் விடயம் இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போதே அதிக இழுவை கொடுப்பதுதான் டீசலின் பலம். விலையும் அப்போது பெற்றோலை விடக் குறைவாக இருந்தது. பஸ்ஸும் லொறியும் உழவு இயந்திரமும் டீசலில் ஓடுவதால் அரசாங்கங்கள் அதன் விலையை அடக்கியே வைத்திருந்தன. டொல்பின் வேனும் எல்ஃப் லொறியும் எங்கள் ஊர்களில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன என்று உங்களுக்கே தெரியும். அந்த வாகனங்களை நம்பித்தான் பம்ப் கராஜ்களும் வந்தன.

டீசலின் மறுபக்கம் புகை. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. 2015இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுவதும் அப்படி 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள். டீசல் கார் மீதிருந்த நம்பிக்கை ஐரோப்பாவிலேயே உடைந்தது.

இதற்கிடையில் டொயோட்டா 1997இல் ஜப்பானில் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை விற்கத் தொடங்கியிருந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கி பெட்டரியில் சேர்த்து, மீண்டும் காரை நகர்த்த அதைப் பாவிப்பதுதான் அதன் சூட்சுமம். கொழும்பு நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு அது பெரிய இலாபம். 2010களின் தொடக்கத்தில் இங்கே ஹைபிரிட்டுக்கு வரி குறைந்ததும் அக்வா, வெசல் எல்லாம் ஊருக்குள் வந்தன. 2015 அளவில் நிசான் லீஃப் என்ற முழு மின்சாரக் காரும் நிறைய வந்தது. வரி கூடியதும் அது குறைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது.

பிறகு 2022. அதை நான் விவரிக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. லொறிக்காரர்கள் வரிசையில் படுத்துத் தூங்கினார்கள். நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். மின்சாரக் கார் வைத்திருந்தவர் தப்பினாரா? முழுதாக இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின் நிலையங்களுக்கும் டீசல் இல்லை!

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததிலிருந்து மின்சாரக் கார்கள் ஊருக்குள்ளும் தெரிகின்றன. அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரை சோலர் வைத்திருப்போரை நிறுத்தி வைக்கச் சொன்னது மின்சார சபை. மூன்று வருடத்துக்கு முன் இருட்டில் இருந்த நாடு இது. அந்தப் பகல் வெயிலை வாகனத்துக்கு ஏற்றினால் கப்பலில் வரும் எண்ணெய்க்கு டொலர் தேட வேண்டியதில்லை. சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவிலேயே தன்னுடைய 16,000க்கு மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பெரிய வாகனத்துக்கும் இது முடியும்.

ஆனால் நாளைக்கே மாறாது. அரிசி லொறிக்குத் தேவையான பெட்டரி பாரமானது, விலை கூடியது. வழியில் சார்ஜ் ஏற்ற இடமும் குறைவு. பழைய லொறிகளும் உழவு இயந்திரங்களும் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றுக்குப் பம்ப் வேலை தெரிந்த கை தேவை.

இந்த 125 வருடக் கதையில் நான் கண்டது இதுதான். எந்த இயந்திரம் ஓடும் என்பதை அதன் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. எண்ணெய் விலை, வரி, பாதை, சட்டம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தன. அவை எங்கள் கையில் இல்லை. நாம் எதைப் படிப்பது என்பது மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னேன்: "போ மகன். வாப்பா சொல்றதும் சரி, காக்கா சொல்றதும் சரி. டீசல் இன்னும் உனக்குச் சோறு போடும், ஆனா உன் தலைமுடி நரைக்கும் வரைக்கும் போடாது. கராஜுல பழகிக்கொண்டே என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள மோட்டார் வாகனப் பாடநெறி ஒண்டையும் செய். மின்சாரப் பகுதியை விடாதே. ஹைபிரிட் பெட்டரியில இருக்கிறது ஆளைக் கொல்லக்கூடிய கரண்ட். பார்த்துப் பழகுற வேலை இல்ல அது, படிச்சுச் செய்யணும்."

அவன் தலையை ஆட்டினான். "அப்ப சயன்ஸ் பாடத்தில அந்தக் கரண்ட் பகுதிய நான் ஒழுங்கா படிச்சிருக்கணும் சேர்" என்றான். இப்போதும் பிந்தவில்லை என்றேன்.

ஹைபிரிட், மின்சார வாகன வேலை செய்யும் எங்கள் ஊர்ச் சகோதரர்கள் யாராவது இருந்தால், இந்தப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் நிற்க விடுங்கள். லொறி ஓட்டிய எங்கள் வாப்பாமார் காலத்தில் டீசல் வேலையும் அப்படித்தான் கை மாறி வந்தது.