தக்கை ஓக் போன்சாய்

தக்கை ஓக் போன்சாய் என்பது மேற்கு மத்தியதரைக்கடல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட தக்கை ஓக் மரத்தை, ஆழம் குறைந்த தொட்டியில் சிற்றுருவில் வளர்த்து, முதுமரத்தின் தோற்றத்துக்குக் கொண்டுவரும் வளர்ப்புமுறை ஆகும். மரத்தின் தாவரவியல் பெயர் குவெர்கஸ் சூபர். பாட்டில்களை அடைக்கும் தக்கை இந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் கிடைக்கிறது. கோடையில் வறண்ட ஏரித் தரைபோல் பாளம் பாளமாக வெடித்த அந்தப் பட்டையே போன்சாய் வளர்ப்போரை இம்மரத்தின்பால் ஈர்க்கிறது. பைன் போன்ற மரங்களின் அடித்தண்டில் முதுமை தெரிய நெடுங்காலம் ஆகும். தக்கை ஓக்கோ இளமையிலேயே முதிர்ந்த தோற்றத்தைத் தந்துவிடுகிறது. அந்தப் பட்டையை உடைக்காமல் காப்பதும், அதற்கு ஈடான கிளைகளையும் இலைத்தொகுதியையும் உருவாக்குவதுமே வளர்ப்பவரின் முதன்மையான வேலை.

மரமும் அதன் நிலமும்

தக்கை ஓக் பசுமை மாறா மரம். 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். இயற்கையில் 20 மீட்டர் வரை உயர்ந்து, அகன்ற குடைபோன்ற தலை விரித்து நிற்கும். 200 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இலைகள் பொதுவாக 4 முதல் 7 சென்டிமீட்டர் நீளம் உடையவை. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிரடர்ந்தது. இளவேனிலில் புதுத்துளிர் வரும்போது பழைய இலைகளில் பெரும்பகுதி மஞ்சளாகி உதிரும். இதை நோயின் அறிகுறியாகக் கொள்ள வேண்டியதில்லை.

போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, தெற்குப் பிரான்ஸ், இத்தாலியின் சார்டினியா, சிசிலித் தீவுகள் ஆகியவை இதன் இயற்கை வாழிடங்கள். மிதமான குளிர்காலத்தில் மழையும் நீண்ட கோடையில் வறட்சியும் நிலவும் பகுதிகள் இவை. சுண்ணாம்பு மிகுந்த மண் இதற்கு ஒவ்வாது. மணற்பாங்கான, சற்றே அமிலத் தன்மையுள்ள மண்ணில் செழிக்கும். உலகில் ஏறத்தாழ 21 லட்சம் ஹெக்டேர் பரப்பில் தக்கை ஓக் காடுகள் உள்ளன. அதில் மூன்றில் ஒரு பங்கு போர்ச்சுகலில் இருக்கிறது. அங்கே மொன்டாடோ என்றும் ஸ்பெயினில் டெஹேசா என்றும் அழைக்கப்படும் திறந்த மரவெளிகளில் மரங்களுக்கிடையே கால்நடைகள் மேய்கின்றன. உதிரும் ஓக் கொட்டைகளைப் பன்றிகள் தின்று கொழுக்கின்றன. 2011இல் போர்ச்சுகல் நாடாளுமன்றம் தக்கை ஓக்கைத் தேசிய மரமாக அறிவித்தது. அந்நாட்டின் அகுவாஸ் டி மோரா என்னும் ஊரில் 1783இல் நடப்பட்ட ஒரு தக்கை ஓக், 2018ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய மரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பட்டை உருவாகும் விதம்

தண்டின் வெளிப்புறத்தில் தக்கை வளர்படலம் என்னும் உயிருள்ள மெல்லிய அடுக்கு உண்டு. ஆண்டுதோறும் அது வெளிநோக்கித் தக்கைச் செல்களை உருவாக்குகிறது. அச்செல்கள் விரைவில் இறந்து காற்று நிறைந்த நுண்ணறைகளாகின்றன. அவற்றின் சுவர்களில் சூபெரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிவதால் நீர் எளிதில் ஊடுருவாது. ராபர்ட் ஹூக் 1665இல் நுண்ணோக்கியின்கீழ் தக்கைச் சீவலைப் பார்த்தபோதுதான் அந்த நுண்ணறைகளுக்கு ‘செல்’ என்ற பெயரைச் சூட்டினார். பெரும்பாலான மரங்களில் முதல் வளர்படலம் சில ஆண்டுகளில் செயலிழந்து, உள்ளே புதியவை தோன்றும். தக்கை ஓக்கிலோ முதலில் தோன்றியதே நெடுங்காலம் தொடர்ந்து இயங்குகிறது. அதனால் பட்டை மெல்லிய செதில்களாக உதிராமல், தடித்த ஒரே அடுக்காகச் சேர்கிறது. காட்டுத்தீயிலிருந்து மரத்தைக் காக்கும் கவசமும் இதுவே. தீயில் இலைகள் கருகினாலும் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் மீண்டும் துளிர்க்கின்றன.

மரம் சுமார் 25 வயதை எட்டிய பிறகே போர்ச்சுகலில் முதல் முறை பட்டை உரிக்கப்படுகிறது. 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு 70 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். அதன்பின் குறைந்தது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடையில் உரிப்பார்கள். முதல் உரிப்பில் கிடைக்கும் கன்னித்தக்கை ஒழுங்கற்றது, ஆழ்ந்த வெடிப்புகள் கொண்டது. பாட்டில் அடைப்பான்களுக்கு ஏற்ற சீரான தக்கை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும். அடைப்பான்களுக்கு உதவாத அந்தக் கன்னித்தக்கைதான் போன்சாய்க்கு அழகைத் தருகிறது. எனவே தொட்டி மரத்தில் பட்டையை உரிப்பது வழக்கமில்லை.

பட்டை உருவாகும் இந்த விதத்திலிருந்து போன்சாய் வளர்ப்புக்கு ஓர் அடிப்படை விதி கிடைக்கிறது. வளர்படலத்தின் வேகம் மரத்தின் வீரியத்தைப் பொறுத்தது. செழிப்பாக வளரும் மரத்தில் தக்கை விரைவாகத் தடிக்கும். சிறு தொட்டியில் அடைபட்டு நலிந்த மரத்தில் ஆண்டுகள் கழிந்தாலும் பட்டை மெலிந்தே இருக்கும். ஆகவே முதலில் நிலத்திலோ பெரிய பெட்டியிலோ தண்டையும் பட்டையையும் வளர்த்துவிட்டு, பிறகே ஆழமற்ற தொட்டிக்கு மாற்றுகிறார்கள்.

மூலச்செடி

பெரும்பாலும் விதையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஓக் கொட்டை உலர்ந்தால் முளைப்புத்திறனை இழக்கும். ஆகையால் இலையுதிர்காலத்தில் உதிர்ந்தவுடன் சேகரித்து, நீரில் மிதப்பவற்றை நீக்கி, மற்றவற்றை உடனே ஊன்ற வேண்டும். முதலில் ஆணிவேர் வேகமாகக் கீழிறங்கும். தண்டு பின்னரே எழும். முளைவேரின் நுனியை இளமையிலேயே கிள்ளிவிட்டால் பக்கவேர்கள் பரவும். முதிர்ந்த தடித்த ஆணிவேரை ஒரேயடியாக வெட்டினால் செடி பட்டுப்போக வாய்ப்பு அதிகம். போத்து நட்டு வேர்பிடிக்க வைப்பது கடினம். விண்பதியமும் மற்ற பல மரங்களைப்போல் எளிதில் கைகூடுவதில்லை.

நிலத்தில் வளர்ந்த மரத்தைத் தோண்டியெடுக்கும் வழியும் உண்டு. மொட்டு வீங்கத் தொடங்கும் குளிர்கால முடிவில் எடுத்து, சல்லிவேர்கள் நிறைந்த மண்கட்டியைக் கூடியவரை காத்து, வேர்களைப் பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைப்பது பாதுகாப்பானது. போர்ச்சுகலில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் தக்கை ஓக்கைக் காப்பதால் அனுமதியின்றி இம்மரத்தை வெட்ட முடியாது. காட்டு மரத்தை எடுக்க நினைப்பவர் அந்தந்த நாட்டின் சட்டத்தை முதலில் அறிய வேண்டும்.

கலிஃபோர்னியாவிலும் இம்மரம் பரவலாக உள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தக்கை இறக்குமதி தடைபடும் என்ற அச்சம் எழுந்தபோது, க்ரவுன் கார்க் அண்ட் சீல் நிறுவனத்தின் சார்லஸ் மக்மேனஸ் அமெரிக்காவில் தக்கை ஓக் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். தொழில் வேரூன்றவில்லை, ஆனால் மரங்கள் நிலைத்தன. கலிஃபோர்னியாவின் கோடை வறட்சியும் குளிர்கால மழையும் தாயகத்தை ஒத்தவை என்பதால், அங்குள்ள போன்சாய் வளர்ப்போரிடையே இம்மரம் செல்வாக்குப் பெற்றுள்ளது.

மண், நீர், வெயில்

நீர் தேங்காத, சற்றே அமிலத் தன்மையுள்ள கலவை தேவை. ஜப்பானிய அகடாமா மண்ணுடன் பியூமிஸ் கல்லும் எரிமலைக் கல்லும் கலந்து பயன்படுத்துவது பரவலான வழக்கம். தக்கை ஓக்கின் வேர்கள் சில பூஞ்சைகளுடன் இணைந்து வாழ்கின்றன. வேர்களுக்கு நீரும் சத்தும் எட்ட அவை உதவுவதால், தொட்டி மாற்றும்போது மண்ணை முழுவதும் கழுவாமல் பழைய மண்ணில் ஒரு பகுதியை விட்டுவைக்கிறார்கள். இளமரங்களுக்கு 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், முதிர்ந்தவற்றுக்கு அதைவிட நீண்ட இடைவெளியிலும் இளவேனில் தொடக்கத்தில் தொட்டி மாற்றலாம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை வெட்டாமல் இருப்பது நல்லது.

வறட்சி தாங்கும் மரம் என்பதால் தொட்டியிலும் நீர் குறைவாகப் போதும் என்று கருதுவது தவறு. நிலத்தில் ஆழ்ந்த வேர் தேடிக்கொள்ளும் ஈரம் தொட்டியில் இல்லை. மேல்மண் சற்று உலர்ந்ததும் முழுவதும் நனையும்படி நீர்விட வேண்டும். கடின நீரில் உள்ள சுண்ணாம்பு இலைகளை மஞ்சளாக்கக்கூடும், மழைநீர் சிறந்தது. நாள் முழுவதும் வெயில் படும் இடமே ஏற்றது. தொட்டியில் வேர்கள் குளிருக்கு எளிதில் இரையாகும் என்பதால், உறைபனி கடுமையான ஊர்களில் குளிர்காலத்தில் காப்பிடம் வேண்டும்.

கவாத்தும் கம்பிகட்டலும்

இம்மரத்துக்கு நுனி வளர்ச்சி வலிமையானது. கவனிக்காமல் விட்டால் உச்சி தடித்து, கீழ்க்கிளைகள் நலியும். வேனில் துளிர்கள் முற்றியபின் 2 அல்லது 3 இலைகளை விட்டுக் கவாத்து செய்தால் பக்கச்சிம்புகள் பெருகும். உச்சியில் கடுமையாகவும் கீழே மென்மையாகவும் வெட்டுவது சமநிலையைத் தரும். வலுவான மரத்தில் கோடைத் தொடக்கத்தில் இலைகளில் ஒரு பகுதியை மட்டும் கிள்ளினால் உட்கிளைகளுக்கு வெளிச்சம் சேரும். அடுத்து வரும் இலைகளும் சிறுக்கும். நலிந்த மரத்தில் இதைச் செய்யக் கூடாது.

பெரிய கிளையை வெட்டிய காயம் மெதுவாகவே மூடும். மூடிய பின்னும் அவ்விடத்தில் சுற்றியுள்ள தக்கைக்கு ஈடான பட்டை சேரப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பெரிய வெட்டுகளைத் தொடக்கத்திலேயே, மரம் நிலத்தில் வேகமாக வளரும் காலத்திலேயே முடித்துவிடுவார்கள். முடிந்தவரை அவை பின்புறம் அமையும்படி திட்டமிடுவார்கள்.

கம்பிகட்டலில்தான் தக்கை ஓக் மற்ற மரங்களிலிருந்து பெரிதும் விலகுகிறது. தக்கை தடித்த கிளையில் கம்பி சுற்றினால் பட்டை நசுங்கும், பிளக்கும், பெயரும். ஆகையால் பட்டை மெலிதாக உள்ள ஓரிரு வயதுச் சிம்புகளை மட்டுமே கம்பியால் வளைக்கிறார்கள். தடித்த கிளையைத் தாழ்த்த வேண்டுமெனில், தொட்டி விளிம்பில் கட்டிய இழுகம்பியைப் பயன்படுத்தி, கிளையில் அது படும் இடத்தில் ரப்பர் திண்டு வைக்கிறார்கள். முதிர்ந்த கிளைகளின் கட்டை விறைப்பானது. அவற்றை வளைக்க முயல்வதைவிட வெட்டி, வளரவிட்டு, மீண்டும் வெட்டித் திசை திருப்பும் முறையே நம்பகமானது.

மரத்தைத் தூக்கும்போது தொட்டியைப் பிடிக்க வேண்டும். தண்டைப் பிடித்தால் தக்கைத் துண்டுகள் கையோடு வரும். படரும் பாசி ஈரத்தைத் தேக்கிப் பட்டையைச் சிதைக்கும் என்பதால், மென்மையான தூரிகையால் அகற்றுகிறார்கள். கம்பித் தூரிகையும் பீச்சும் நீரும் ஏற்றவை அல்ல.

வடிவமும் அளவும்

தக்கையின் வெடிப்புகள் பெரியவை. சிறு மரத்தில் அவை அளவுக்கு மீறித் தெரியும் என்பதால் நடுத்தர, பெரிய போன்சாய்களே இயல்பாக அமைகின்றன. அடித்தண்டு தடித்து, சற்றே வளைந்து எழுந்து, அகன்ற தலை கொண்ட நிமிர்வடிவம் மொன்டாடோ வெளிகளில் நிற்கும் மரங்களை நினைவூட்டும். இரட்டைத் தண்டு வடிவமும் பொருந்தும். அருவிபோல் தொட்டிக்குக் கீழே தொங்கும் வடிவம் அரிது. பட்டையின் கரடுமுரடுக்குச் சற்றே ஆழம் கூடிய, மெருகு பூசாத பழுப்புத் தொட்டிகள் இசைவானவை.

நோயும் பூச்சியும்

நீர் தேங்கிய மண்ணில் ஃபைடாஃப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் வேரழுகலை உண்டாக்கும். ஐபீரியத் தீபகற்பத்தில் தக்கை ஓக் காடுகள் நலிவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. தொட்டியில் இதற்கு முதல் தடுப்பு நல்ல வடிகால்தான். அசுவினி, செதில்பூச்சி, சாம்பல் நோய் ஆகியவையும் வரலாம். தாயகக் காடுகளில் லைமான்ட்ரியா டிஸ்பார் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் மரங்களை மொட்டையாக்கிவிடுவதுண்டு.

ஒத்த மரங்கள்

கிழக்காசியாவின் குவெர்கஸ் வேரியாபிலிஸ் மரத்துக்கும் தக்கைப் பட்டை உண்டு. ஆனால் அது இலையுதிர்க்கும் ஓக். தக்கை ஓக்கும் துருக்கி ஓக்கும் கலந்த குவெர்கஸ் ஹிஸ்பானிகா குளிரை மேலும் தாங்கும். தக்கைப் பட்டையுள்ள சீன எல்ம், ஜப்பானியக் கரும்பைன் வகைகளும் போன்சாய் உலகில் அறியப்பட்டவை. தமிழ்நாட்டில் சாலையோரங்களில் காணும் மரமல்லியை ஆங்கிலத்தில் இந்தியத் தக்கை மரம் என்பார்கள். அதன் மென்பட்டை தக்கைக்குத் தரம் குறைந்த மாற்றாகப் பயன்பட்டிருந்தாலும், அதற்கும் தக்கை ஓக்குக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை.

மதிப்பீடு

நல்ல தக்கை ஓக் போன்சாயில் பட்டை வேரடியிலிருந்து முதன்மைக் கிளைகள் வரை தொடர்ந்து செல்லும். இடையில் பெயர்ந்த திட்டுகளோ கம்பித் தழும்புகளோ இருக்காது. முரட்டுத் தண்டின்மேல் மெல்லிய இளங்கிளைகள் மட்டும் நின்றால், தண்டின் முதுமையும் தலையின் இளமையும் முரண்படும். இந்த முரணைத் தீர்ப்பதே நீண்ட வேலை. தண்டுக்கு முதுமையை மரம் தானாகவே தந்துவிடுகிறது. கிளைகளுக்கு அதை வளர்ப்பவரின் பல ஆண்டுக் கவாத்துதான் தர வேண்டும். கைபடாத பட்டையும் கைபட்டுச் செறிந்த கிளைகளும் ஒரே வயதுடையவையாகத் தோன்றும் மரத்தையே முதிர்ந்த தக்கை ஓக் போன்சாய் என மதிக்கலாம்.