அறுக்காமல் விட்ட வயல் ஓரம்

பிழைப்புத் தேடி வருகிறவர்களைச் சபை எவ்வாறு ஏற்க வேண்டும் என்று எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள், தட்ட முடியவில்லை. புனே அருகே தேஹு ரோடு ராணுவக் கிடங்கை நம்பி நம் பாட்டன்மார் ரயிலேறி வந்த கதையை நான் சொல்லப் போவதில்லை. அது வீட்டுக்கு வீடு தெரிந்தது.

வேதத்தில் அந்நியனைக் குறித்த பகுதிகளை எடுத்தால் நம் பிரசங்கியார்கள் அன்பைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அங்கே சட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது. லேவியராகமம் 19, 23, உபாகமம் 24 ஆகிய அதிகாரங்கள் நிலக்காரனின் கையைக் கட்டிப் போடுகின்றன. வயல் ஓரத்தை அவன் ஒட்ட அறுக்கலாகாது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உதிர்க்கலாகாது. மிஞ்சியது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. உபாகமம் 26 இன்னும் ஒரு படி மேலே போகிறது: மூன்றாம் வருஷத் தசமபாகத்தில் லேவியனுக்குப் பக்கத்திலேயே அந்நியனையும் உட்கார வைக்கிறது. ஊழியக்காரன் பங்கும் பரதேசியின் பங்கும் ஒரே குவியலில்! மோவாபியப் பெண் ரூத் போவாஸின் வயலில் பொறுக்கியது பிச்சையல்ல, பாத்தியதை. அவள் வம்சத்தில் வந்த நம் ஆண்டவரும் குழந்தையாகவே எகிப்துக்கு ஓடிப் பிழைத்தார் என்பதை மத்தேயு மறக்காமல் எழுதி வைத்தார்.

வேதத்துக்கு அப்பால் நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் சனத்துக்காக 1854-இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்ட லயங்களில் குடியிருந்தவர்கள் கோயிலைத் தேடி வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. தமிழ் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாகப் போய் ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். தோட்டத் துரைமார் பணமும் சேர்ந்து நடந்த ஊழியம் அது. அதனால் கூலியைப் பற்றிக் குரல் உயர்த்துவது உபதேசியாருக்கு எளிதாக இருந்திராது. பெருமையோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு முன்மாதிரி நம் புனே ஜில்லாவிலேயே, கேட்காவில் இருக்கிறது. பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து ஊர் ஊராக அலைந்த பண்டிதை ரமாபாய், 1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குத் தாமே போய், பட்டினியில் கிடந்த பெண்களை அழைத்து வந்தார். கேட்காவின் முக்தி சதனம் அவர்களுக்குச் சோறும் படிப்பும் கைத்தொழிலும் கொடுத்தது.

இன்று சாக்கன், தளேகாவ் ஆலைகளை நம்பி ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சபையாரே, தமிழ் ஆராதனை முடிந்ததும் கோயிலைப் பூட்டாதீர்கள். ஹிந்தி ஜெபத்துக்கும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். வாலிபர் சங்கத்தார் அவர்களுடைய அறைகளுக்கே போய் அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு செய்து கொடுங்கள். சொந்த ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கேயே அரிசி வாங்கலாம் என்று சொல்லிக் கடை வரை கூடப் போங்கள். அறை வாடகைக்கு விடுகிறவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அடைக்காதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை இவர்களுடைய வைத்தியச் செலவுக்கும் ஊர் திரும்பும் வழிச் செலவுக்கும் ஒதுக்கிக் கமிட்டியார் இவ்வாண்டே தீர்மானம் எழுதலாம்.